இறக்கை வழவழப்பா, சொரசொரப்பா? மாடல் விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மாடல் விமானம் கட்டுகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் இதைச் செய்திருப்போம். இறக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து, சுருக்கம் இல்லாமல் ஃபிலிம் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முகம் தெரியும். இனி காற்று வழுக்கிக்கொண்டு போகும் என்று நம்புவோம். வேகமாகப் பறக்கிற விமானத்துக்கு அது முழுக்கச் சரி. நம்மில் பலர் மாலையில் பறக்கவிடுகிற ஒன்றரை மீட்டர் கிளைடருக்கும், கையால் வீசுகிற சின்ன விமானத்துக்கும் அப்படியே பொருந்தாது. அங்கே சரியான இடத்தில் ஒட்டிய ஒரு துண்டு டேப், மூன்று நாள் தேய்த்த பளபளப்பைவிட அதிகம் உதவும்.

எனக்கு இது புரிந்தது ஒரே விமானத்துக்கு இரண்டு இறக்கை செய்தபோதுதான். முதல் இறக்கை தெர்மாகோலை ஹாட் வயரில் அறுத்து, அதன்மேல் பிரவுன் பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டியது. 1.6 மீட்டர் நீளம், 180 மி.மீ நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலம்), கிளார்க் ஒய் என்ற ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்). தொட்டால் நறநறவென்று இருக்கும். முன்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு பேப்பர் இன்னொரு பேப்பர் மேல் ஏறி, இறக்கை முழுக்க ஒரு சின்னப் படி ஓடியது. பார்க்க அழகில்லை, ஆனால் மூக்கைத் தூக்கி எவ்வளவு மெதுவாக்கினாலும் குடை மாதிரி இறங்கும். அதே அச்சில் அறுத்து இரண்டாவது இறக்கை செய்தேன், இந்தத் தடவை லேமினேஷன் ஃபிலிம் போட்டு, கண்ணாடி மாதிரி. எடையும் கொஞ்சம் குறைவு. பறக்கவிட்டால் நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை, ஆனால் தரை இறக்க மெதுவாக்கினால் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும்போதே இடது இறக்கை சட்டென்று கீழே போகும். எடை மையத்தைச் சரிபார்த்தேன், இறக்கை முறுக்கு பார்த்தேன், வால் மடலான எலிவேட்டரின் அசைவைக் குறைத்தேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் பழைய இறக்கையில் அந்தப் படி இருந்த அதே இடத்தில் புது இறக்கையில் இன்சுலேஷன் டேப்பை நான்கு அடுக்கு ஒட்டினேன். அன்று சாயங்காலமே அந்தச் சரிவு போய்விட்டது.

ஏன் என்று பார்ப்போம். இது புரியாமல் டேப் ஒட்டினால் குருட்டாம்போக்காகத்தான் ஒட்டுவோம்.

இறக்கையின் தோலை ஒட்டி ஓடுகிற மெல்லிய காற்றுப் படலத்தை எல்லை அடுக்கு என்பார்கள். நம் இறக்கைகளில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர் அளவுதான். முன்விளிம்பில் ஆரம்பிக்கும்போது அது அடுக்கி வைத்த தாள்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சீராகப் போகும். இது லேமினார் ஓட்டம். கொஞ்ச தூரம் போனதும் குழம்பி, சுழன்று, கலந்து ஓட ஆரம்பிக்கும். இது டர்புலன்ட் ஓட்டம். உராய்வு என்று பார்த்தால் லேமினார்தான் நல்லது. வேகம், நாண், காற்றின் தன்மை மூன்றையும் சேர்த்துச் சொல்கிற ரெனால்ட்ஸ் எண் 1 லட்சத்தில் ஒரு தட்டையான பலகையின் உராய்வுக் கெழுவைக் கணக்குப் போட்டால் லேமினாருக்கு 0.0042 வரும், டர்புலன்டுக்கு 0.0074 வரும். கிட்டத்தட்ட முக்கால் மடங்கு கூடுதல். வழவழப்பாக இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறார்கள், அதில் தவறில்லை.

ஆனால் இறக்கை தட்டையான பலகை இல்லை. மேல்புறத்தில் காற்று முதலில் வேகமெடுத்து, முதுகின் உச்சியைத் தாண்டியதும் வேகம் குறைந்துகொண்டே வரும், அழுத்தம் ஏறிக்கொண்டே வரும். அதாவது தோலை ஒட்டிய காற்று மேடேற வேண்டும். லேமினார் படலத்தில் அடித்தட்டுக் காற்றுக்குத் தெம்பு கிடையாது. மேட்டில் ஏற முடியாமல் நின்று, தோலைவிட்டு விலகிவிடும். டர்புலன்ட் படலம் மேலே ஓடுகிற வேகமான காற்றைக் கீழே இழுத்துக் கலந்துகொண்டே போவதால், அதே மேட்டை ஒட்டிக்கொண்டே ஏறிவிடும். உராய்வில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம், ஆனால் பின்பாதி முழுக்க காற்று விலகி நிற்கிற பெரிய இழப்பிலிருந்து தப்பிக்கிறோம்.

விலகிய காற்று சில நேரம் அந்தரத்திலேயே டர்புலன்டாக மாறி மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு தேங்கிய காற்றுக் குமிழி நிற்கும். இதைப் பிரிவுக் குமிழி என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழி சின்னதாக இருந்தால் பரவாயில்லை. நீளமாக இருந்தால், காற்றுக்கு இறக்கையின் வடிவமே மாறித் தெரியும். நாம் மெதுவாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குமிழி மூடாமல் திறந்துவிடும், அப்போது தூக்குவிசை மொத்தமாகச் சரியும். என் பளபள இறக்கையில் நடந்ததும் அதுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை, அதனால் ஒரு பக்கம் விழுகிறது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். புதுப்பந்தின் ஒரு பக்கத்தை பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக வைத்திருப்பதும், தையலைச் சாய்த்துப் பிடிப்பதும் எதற்கு? தையல் இருக்கிற பக்கத்தில் காற்றுப் படலம் தையலில் இடறி டர்புலன்டாகி, பந்தை ஒட்டிக்கொண்டு பின்னால் வரை போகும். மறுபக்கம் லேமினாராகவே ஓடிச் சீக்கிரம் விலகிவிடும். இரண்டு பக்க வித்தியாசம் பந்தைத் தையல் பக்கமாகத் தள்ளும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரபீந்திர மேத்தா 1980-களிலிருந்து இதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தவர். வழக்கமான ஸ்விங் நன்றாக வருவது மணிக்கு 110 கி.மீ பக்கத்தில். 72 மி.மீ விட்டமுள்ள பந்து அந்த வேகத்தில் போனால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,36,000 வரும். நம் கிளைடர் இறக்கையும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் பறக்கிறது! பந்துக்கு ஒரு தையல் செய்கிற வேலையை இறக்கைக்கு ஒரு டேப் செய்ய முடிவது அதனால்தான்.

முதலில் உங்கள் ரெனால்ட்ஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

உப்புத்தாளோ டேப்போ, கையில் எடுக்கும் முன் இந்த ஒரு பெருக்கலைப் போடுங்கள். வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, நாணை மில்லிமீட்டரில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 63-ஆல் பெருக்குங்கள். கடல்மட்டத்தில் 30 டிகிரி வெயிலுக்கு இதுதான் கணக்கு. பழைய கட்டுரைகளில் 70 என்று இருக்கும், அது குளிர் நாட்டுக் காற்றுக்கு. சூடான காற்று அடர்த்தி குறைந்து, பாகுநிலை கூடியிருக்கும், அதனால் 35 டிகிரி மத்தியானத்தில் அந்த 63 என்பது 60-க்கு இறங்கிவிடும். 15 டிகிரியில் நன்றாகப் பறக்கும் என்று அங்கே வரைந்த பிளானை இங்கே மே மாதத்தில் பறக்கவிட்டால் ரெனால்ட்ஸ் எண் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துதான் இருக்கும்.

வேகம் தெரியாது என்றால் எடையிலிருந்து கணக்கிடலாம். 1.5 மீட்டர் நீளம், 200 மி.மீ நாண், 600 கிராம் எடையுள்ள கிளைடர் நிதானமாக மிதக்கும்போது விநாடிக்கு ஏழரை மீட்டர் பக்கத்தில் போகும். 7.5 × 200 × 63 = 94,500. தரை இறக்கும்போது இதைவிடக் குறையும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு செஸ்னா 172 பயண வேகத்தில் 50 லட்சத்துக்கு மேல் இருக்கும். பெரிய விமானத்துக்கு எழுதிய பாடத்தை நம் அளவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

இனி எந்த எண்ணுக்கு என்ன செய்வது? எல்லைக்கோடுகள் கறாரானவை இல்லை, ஏர்ஃபாயிலைப் பொறுத்து நகரும், ஆனாலும் நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

60,000-க்குக் கீழே, அதாவது கையால் வீசுகிற சின்ன கிளைடர், குட்டி தெர்மாகோல் விமானங்கள்: இங்கே தடித்த, உருண்டை மூக்குள்ள இறக்கையை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் பிரயோஜனம் இல்லை. ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர் 1930-களின் கடைசியிலும் 1940-களின் ஆரம்பத்திலும் மாடல் விமான அளவு இறக்கைகளையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். 'என் 60' (N60) என்ற தடித்த ஏர்ஃபாயில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனதும் தூக்குவிசை சட்டென்று சரிந்தது. சாதாரணமான, மெல்லிய, வளைந்த தகடு அங்கேயும் தொடர்ந்து வேலை செய்தது. தடித்த இறக்கைக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பியைக் குறுக்கே கட்டிக் காற்றைக் கலைத்துவிட்டால் அதுவும் பிழைத்துக்கொண்டது. ஆகவே இந்த அளவில் முதல் மருந்து மெல்லிய இறக்கை. ஏற்கெனவே தடித்த இறக்கை கையில் இருந்தால், இரண்டாவது மருந்து டேப் அல்லது தூண்டில் நரம்பு.

60,000 முதல் 2 லட்சம் வரை: நம் பெரும்பாலான விமானங்கள் இங்கேதான். டேப் உதவுமா கெடுக்குமா என்பது ஏர்ஃபாயிலில் இருக்கிறது. கிளார்க் ஒய் மாதிரி 11.7 சதவீதத் தடிமனுள்ள பழைய வடிவங்களுக்கு, மெதுவாகப் பறக்கும்போது பெரும்பாலும் உதவும். எம்.ஐ.டி-யின் மார்க் ட்ரெலா கையெறி கிளைடர்களுக்காக வரைந்த ஏஜி வரிசை மாதிரி, குறைந்த எண்ணுக்கென்றே வடிவமைத்த மெல்லிய ஏர்ஃபாயில்களுக்கு டேப் தேவையில்லை. அவற்றில் காற்றை எங்கே, எவ்வளவு மென்மையாக மேடேற்றுவது என்பதை வடிவத்திலேயே சரி செய்துவிட்டார்கள். அவற்றை வடிவம் பிசகாமல் வழவழப்பாக வைப்பதுதான் நம் வேலை.

2 லட்சத்துக்கு மேலே வழவழப்பு ஜெயிக்க ஆரம்பிக்கும். 4, 5 லட்சத்தைத் தாண்டிவிட்டால், ஜெட் மாடலோ வேகப் பந்தய விமானமோ, எந்த டேப்பும் வேண்டாம், பாலிஷ் போடுங்கள். இதன் உச்சிக்கு ஒரு உதாரணம்: கலிஃபோர்னியாவின் பார்க்கர் மலையில் 2021 ஜனவரியில் ஸ்பென்சர் லிசன்பி என்பவரின் ரேடியோ கிளைடர், எஞ்சின் இல்லாமல், மலைமுகட்டுக் காற்றில் வட்டமடித்தே மணிக்கு 882 கி.மீ தொட்டது. அந்த வேகத்தில் 200 மி.மீ நாண் இருந்தால்கூட எண் 30 லட்சத்தைத் தாண்டும். அங்கே முன்விளிம்பில் ஒட்டிய தூசியே காற்றை இடறவைக்கப் போதும்.

வழவழப்பாக்குவது எப்படி

எண் எதுவாக இருந்தாலும் முன்விளிம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பளபளப்பைவிட வடிவம் முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணாடி மாதிரி இருக்கிற பல இறக்கைகளில் மூக்கு ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மழுங்கியும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் ஏர்ஃபாயிலின் முன்பக்க முப்பது சதவீதத்தை வெட்டி, அந்தப் பள்ளத்தை ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் இறக்கையில் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடம்தான் தேய்க்க வேண்டிய இடம் அல்லது பூச வேண்டிய இடம்.

தேய்ப்பதற்கு உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள், விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். ஒரு அடி நீள நேரான மரச்சட்டத்தில் ஒட்டி, இறக்கையின் நீளவாக்கில் சாய்வாகத் தேய்க்க வேண்டும். பால்சா மரத்துக்கு 220-ஆம் எண் உப்புத்தாள், அப்புறம் 400 போதும். தெர்மாகோலுக்கு நேராக 320-ல் ஆரம்பியுங்கள், கை அழுத்தமே இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மணிமணியாகப் பிய்த்துக்கொண்டு வரும். பள்ளத்தை நிரப்பச் சுவர்ப் பட்டி வேண்டாம், கனம். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கிற லேசான ஃபில்லர் கிடைக்கிறது, அதைத் தண்ணீரில் குழைத்துத் தடவி வழித்துவிடுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும், தண்ணீரில் கலக்கிற வார்னிஷ்தான் பாதுகாப்பு.

ஃபிலிம் ஒட்டும்போது முதலில் கீழ்ப்புறம், பிறகு மேல்புறம். மேல் ஃபிலிமின் ஓரம் முன்விளிம்பைச் சுற்றி வந்து கீழ்ப்பக்கத்தில் முடியட்டும். முன்விளிம்பின் நட்டநடுவிலோ, மேல்புறத்தில் முதல் ஐந்து சதவீதத்திலோ ஒட்டு வந்தால், நீங்கள் கேட்காத இடத்தில், கேட்காத உயரத்தில் ஒரு படி கிடைத்துவிடும். பால்சா சட்டங்களுக்கு மேல் ஃபிலிம் இழுத்து ஒட்டுகிற இறக்கைகளில் இன்னொரு சிக்கல்: இரண்டு ரிப்புகளுக்கு நடுவே ஃபிலிம் உள்வாங்கும், அங்கே ஏர்ஃபாயில் வேறு ஏதோ ஆகிவிடும். முன்பக்க முப்பது சதவீதத்தை ஒரு மில்லிமீட்டர் பால்சா தகட்டால் மூடிவிட்டால் முக்கியமான பகுதி தப்பிக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற மடலான எய்லரானின் இடைவெளியைத் திறந்தே விட்டிருக்கிறார்கள் பலர். கீழேயிருந்து காற்று அந்த இடுக்கு வழியாக மேலே கசிவது, மேற்பரப்பின் எந்தச் சொரசொரப்பையும்விட அதிகம் கெடுக்கும். முதலில் அதை மெல்லிய டேப் போட்டு மூடுங்கள்.

இடறுகல் வைப்பது எப்படி

வேண்டுமென்றே வைக்கிற இந்தத் தடைக்கு டர்புலேட்டர் என்று பெயர். எவ்வளவு உயரம், எங்கே, எதில் செய்வது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

உயரத்துக்கு என் தொடக்கக் கணக்கு: 5-ஐ வேகத்தால் வகுத்தால் மில்லிமீட்டரில் உயரம் வரும். விநாடிக்கு 7 மீட்டர் என்றால் 0.7, 10 என்றால் 0.5, 15 என்றால் 0.33, 25 என்றால் 0.2. வேகம் இரட்டித்தால் உயரம் பாதி. தேவைக்கு மேல் உயர்ந்த தடை அதுவே ஒரு வேகத்தடையாகிவிடும், அதனால் கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக ஆரம்பித்து ஏற்றிக்கொண்டு போங்கள். சாதாரண கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு 0.13 மி.மீ பக்கம் இருக்கும், பிரவுன் பேக்கிங் டேப் 0.05-க்கும் குறைவு. கையில் வெர்னியர் இருந்தால் பத்து அடுக்கு ஒட்டி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை டேப் மாறும்.

இடம் மேல்புறத்தில், காற்று விலக ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால். விலகிய பிறகு வைத்த டேப் தேங்கிய காற்றுக்குள் புதைந்து கிடக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதே நேரம் ரொம்ப முன்னால் வைத்தால் லேமினாராக ஓடியிருக்க வேண்டிய நல்ல தூரத்தையும் கெடுத்துக்கொள்கிறோம். கிளார்க் ஒய் மாதிரி இறக்கைக்கு நாணில் 20 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், 180 மி.மீ நாணுக்கு அது 36 மி.மீ. கணினியில் பார்க்க விருப்பமுள்ளவர்கள் எக்ஸ்எஃப்எல்ஆர்5 என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அது மார்க் ட்ரெலா 1986-ல் எழுதிய எக்ஸ்ஃபாயில் கணக்கை உள்ளே வைத்திருக்கிறது. உங்கள் ஏர்ஃபாயிலைக் கொடுத்து, ரெனால்ட்ஸ் எண்ணைக் கொடுத்து, மேற்புற இடறலை நாணில் 100 சதவீதத்தில் (அதாவது டேப் இல்லாமல்) ஒரு தடவையும், 20-ல் ஒரு தடவையும் வைத்து ஓட்டி, இழுவை வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். எந்தத் தூக்குவிசையில் லாபம், எதில் நஷ்டம் என்பது கண்ணுக்கே தெரியும்.

எதில் செய்வது? மூன்று வழி எனக்குப் பிடிக்கும். டேப்பை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறி அடுக்குவது எல்லாவற்றிலும் எளிது, பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம். இரண்டாவது தூண்டில் நரம்பு. சுருளிலேயே 0.40, 0.50 என்று விட்டம் அச்சடித்திருப்பதால் அளக்க வேண்டிய வேலையே இல்லை, இழுத்துப் பிடித்து இடைக்கிடை ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும். தெர்மாகோல் என்றால் அதைக் கரைக்காத பசையாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, டெய்லர் கடையில் துணி ஓரத்தைப் பல்பல்லாக வெட்டுகிற ஜிக்ஜாக் கத்தரிக்கோல். டேப்பை பட்டர் பேப்பரில் ஒட்டி, அடுக்கி, இரண்டு ஓரத்தையும் அதில் வெட்டி எடுத்தால் முழு அளவு கிளைடர்களில் ஒட்டுகிற ஜிக்ஜாக் டேப் மாதிரியே வரும். பார்க்க அழகு. ஆனால் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் செலிக்கின் குழு இந்த எண்களிலேயே காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, சாதாரண நேர்ப்பட்டையைவிட இந்த வகையறா அப்படி ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. கத்தரிக்கோல் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது சமச்சீர். முன்விளிம்பிலிருந்து அளந்து பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 42 என்று இருந்தால் ஸ்டாலில், அதாவது மெதுவாகித் தூக்குவிசை சரிகிறபோது, ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். இறக்கை நுனிக்குப் போகப்போக நாண் சிறுத்துக்கொண்டே போகிற வடிவமென்றால், அங்கே ரெனால்ட்ஸ் எண்ணும் குறைவு, முதலில் சரிவதும் அதுதான். முழு நீளத்துக்கும் ஒட்ட மனமில்லாவிட்டால் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒட்டிப் பாருங்கள், பல விமானங்களில் அதுவே நுனி விழுவதை நிறுத்திவிடும். கீழ்ப்புறத்தை விட்டுவிடுங்கள், அது வழவழப்பாகவே இருக்கட்டும்.

உதவியதா என்று தெரிந்துகொள்வது

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேப் ஒட்டிவிட்டு ஒரு தடவை பறக்கவிட்டு, அந்த நேரம் பார்த்து ஒரு வெப்பக் காற்று தூக்கிவிட்டால், டேப்தான் தூக்கியது என்று நம்பிவிடுவோம்.

முதல் சோதனைக்கு ரேடியோகூட வேண்டாம். அரை மீட்டர், முக்கால் மீட்டர் தெர்மாகோல் வீசு கிளைடர் ஒன்றை எடுத்து, புல்தரையில் நேராகப் போகும்வரை சரிசெய்யுங்கள். பத்துத் தடவை வீசினால் பத்தும் நேராகப் போக வேண்டும். அப்புறம் வலது இறக்கையில் மட்டும் டேப் ஒட்டி வீசுங்கள். மோசமான பக்கத்துக்கு இழுவை அதிகம், தூக்கு குறைவு, அதனால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும். இடதுபக்கம் திரும்பினால் டேப் ஒட்டிய வலது இறக்கை நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். வலதுபக்கம் திரும்பினால் டேப் கெடுக்கிறது. பிறகு டேப்பை இடதுக்கு மாற்றி மறுபடி வீசி, திசையும் மாறுகிறதா பாருங்கள், மாறினால்தான் உறுதி. பந்து ஸ்விங் ஆவதும் இதே வித்தியாசத்தால்தான் என்பது கையில் வீசும்போது உறைக்கும். பெரிய விமானத்தில் மட்டும் இந்த ஒருபக்கச் சோதனையைச் செய்துவிடாதீர்கள், ஸ்டாலில் சுழன்றுவிடும்.

பெரிய விமானத்துக்கு விடியற்காலை. சூரியன் தரையைச் சூடாக்கும் முன், ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். உயரம் பதிகிற வேரியோ இருந்தால் 100 மீட்டரில் மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டர் டிரிம்மைத் தொடாமல் 40 மீட்டர் வரை எத்தனை விநாடி என்று குறியுங்கள். டேப்போடு ஒன்று, இல்லாமல் இரண்டு, மறுபடி டேப்போடு ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்தால், நேரம் ஆக ஆகக் காற்று மாறுவது ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகாது. ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்துப் பறப்பாவது வேண்டும். அப்புறம் பாதுகாப்பான உயரத்தில் மூக்கை மெதுவாகத் தூக்கி, எப்போது விழுகிறது, நேராக விழுகிறதா பக்கவாட்டில் விழுகிறதா என்று பாருங்கள். என் கிளைடரில் மிதக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஸ்டாலில் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. எனக்கு அது போதும், விமானம் உடைவது தரைக்குப் பக்கத்தில்தானே. வேகத்தை அதிகம் விரும்புகிறவர் அதே டேப்பை உரித்துப் போடலாம், அதுவும் சரிதான்.

நூல் துண்டுகளை இறக்கையில் ஒட்டி, கேமரா வைத்துப் படம் பிடிக்கிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும்: அந்த நூலே ஒரு டர்புலேட்டர். முன்பாதியில் நூல் ஒட்டிவிட்டு, குமிழியே இல்லையே என்று சொல்லக் கூடாது. நூல் பின்பாதியில் மட்டும் இருக்கட்டும்.

காலையில் பறக்கவிடுகிறவர்கள் பனித்துளியையும் பார்க்க வேண்டும். புல்லில் வைத்து எடுத்த இறக்கையில் முன்விளிம்பெல்லாம் துளி துளியாக நிற்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு மேடு, அதுவும் ஒழுங்கில்லாமல். பெர்ட் ரூட்டன் வடிவமைத்து 1975-ல் பறந்த வேரிஈஸ் விமானத்துக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கை உண்டு. லேமினார் ஓட்டத்தை நம்பி வரைந்த அந்த ஏர்ஃபாயில் மழையில் நனைந்ததும் தூக்குவிசை குறைந்து மூக்கு இறங்கும், விமானி குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு ஜான் ரான்ஸ் வரைந்த, மழைக்கு அசையாத வேறு ஏர்ஃபாயிலை, ரூட்டனின் அடுத்த வடிவமான லாங்-ஈஸில் பலர் போட்டுக்கொண்டார்கள். முழு அளவு விமானத்துக்கே அந்தக் கதி. பையில் ஒரு பருத்தித் துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை வீசும் முன்பும் முன்விளிம்பை நுனி வரை ஒரு தரம் துடைத்துவிடுங்கள்.

டேப் ஒட்டிய பிறகு முதல் பறப்பில் எலிவேட்டர் டிரிம் கொஞ்சம் மாறும், ஒன்றிரண்டு கிளிக் தயாராக இருங்கள். காருக்குள் வெயிலில் வைத்த விமானத்தில் இன்சுலேஷன் டேப் பசை இளகி நகரும், அதனால் மாதம் ஒரு தடவை பென்சில் கோட்டோடு ஒத்துப் பார்த்து, நகர்ந்திருந்தால் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். உரிக்கும்போது இறக்கையோடு படுக்கையாக, மெதுவாக இழுக்க வேண்டும், செங்குத்தாக இழுத்தால் ஃபிலிமும் சேர்ந்து வந்துவிடும்.